நம் கையால் வீட்டைத் திருத்துதல்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. வீடு கட்டுவதன் கடினத்தை எடுத்துச் சொன்ன நம் முன்னோர், கட்டிய வீட்டைக் காப்பதன் கடினத்தைச் சொல்லாது விட்டுவிட்டனர். கலியாண வீட்டின் ஆரவாரம் நான்கு நாளில் ஓய்ந்துவிடும். வீடு கட்டும் வேலையும் ஓராண்டிலோ ஈராண்டிலோ ஒருவாறு முடிந்துவிடும். திருத்த வேலைக்கோ முடிவே கிடையாது. ஒரு மாரி கழிந்தால் ஓடு இரண்டு நழுவியிருக்கும். ஒரு கோடை கழிந்தால் யன்னற் பலகை வெடித்திருக்கும். சுவரைப் பார்த்தால் நிலம் கேட்கும்; நிலத்தைப் பார்த்தால் கிணற்றுக்கட்டுக் கேட்கும்.

இத்தகைய திருத்த வேலைகளைக் கூலிக்கு ஆளழைக்காமல் வீட்டுக்காரர் தாமே செய்துகொள்வதில் உள்ள செலவு எவ்வளவு, நன்மை எவ்வளவு, அபாயம் எவ்வளவு என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச எண்ணுகிறேன். யான் மேசனுமல்லேன், தச்சனுமல்லேன். வெண்கட்டியைத் தவிர வேறு சுண்ணத்தைக் கையாண்டறியாத ஆசிரியன். இப்பொருள் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே: இதில் இறங்கி நட்டப்பட்டவன் யான்.

தம் கையே தமக்குதவி என்ற எண்ணம் இக்காலத்தில் பலருக்கு எழுந்திருப்பது வியப்பன்று. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 50 கிலோச் சீமெந்துப் பை ஒன்று ஏறத்தாழ ஆயிரம் ரூபாவுக்கு விற்றது. 2022ஆம் ஆண்டில், 200 ரூபாவளவில் இருந்த டொலர் 360 ரூபாவளவுக்கு ஏறியதோடு, அதே சீமெந்துப் பையும் மூவாயிரம் ரூபாவளவுக்கு ஏறி நின்றது. பின்னர் விலை ஓரளவு இறங்கியதெனினும் பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை. ஓடு, கம்பி, பெயின்ற், ஆணி யாவும் அவ்வழியே சென்றன. பொருளின் விலையை நம்மாற் குறைக்க இயலாது; கூலியையாவது மிச்சம்பிடிப்போம் என்று மாதச் சம்பளக்காரர் எண்ணத் தலைப்பட்டனர். அவ்வாறு எண்ணியவருள் யானும் ஒருவன்.

எங்கள் வீட்டு முன்விறாந்தையின் நிலம் பழையது. பல இடங்களிற் பெயர்ந்து குழி விழுந்திருந்தது. இருபது அடி நீளம், எட்டு அடி அகலம். மேசன் ஒருவரும் அவருக்குத் துணையாக ஒருவரும் இரண்டு நாள் வேலை செய்தாற் போதுமென்று சொன்னார்கள். அந்த இரண்டு நாட் கூலியை ஏன் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. பள்ளி விடுமுறையும் வாய்த்தது. சீமெந்து இழுப்பதைச் சிறு வயது முதல் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பார்த்தவன் செய்யமாட்டானா? பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததனாலேயே பரீட்சையிற் சித்தியெய்திய மாணவனை யான் என் உத்தியோக காலத்திற் கண்டதில்லை. எனினும் அவ்வுண்மை அன்றைக்கு என் நினைவுக்கு வரவில்லை.

விலை ஏறிவிடுமென அஞ்சிச் சீமெந்தை மூன்று மாதம் முன்னதாகவே வாங்கிச் சுவரோரமாக வெறு நிலத்தில் அடுக்கியிருந்தேன். இது முதலாவது பிழை. மணலை அரிக்காமலும் கழுவாமலும் எடுத்தேன், இது இரண்டாவது. கலவை இலகுவாக இழுபடவேண்டுமென்று தண்ணீரைத் தாராளமாக ஊற்றினேன்; இது மூன்றாவது. மேற்பரப்பில் நீர் கசிந்து நின்றபோது அதனை உறிஞ்சட்டுமென வெறுஞ் சீமெந்தைத் தூவிக் கண்ணாடி போல் மினுக்கினேன், இது நான்காவது. மறுநாள் பார்த்தேன். நிலம் அழகாகக் காய்ந்திருந்தது. மனம் நிறைந்தது. விடுமுறையும் முடிந்தது, யான் பாடசாலைக்குப் போய்விட்டேன். அந்த நிலத்துக்கு ஒரு வாளி தண்ணீர்தானும் விடவில்லை. இதுவே எல்லாவற்றிலும் பெரிய பிழையென்பதைப் பின்னர் அறிந்தேன்.

நான்கு மாதத்தில் நிலமெங்கும் சிலந்தி வலை போல் நுண்ணிய வெடிப்புகள் ஓடின. கூட்டுந்தோறும் தூள் கிளம்பிற்று. அவ்வாண்டு மாரியில், ஒரு நாள் அதிகாலையில், சாரல் விழுந்து அந்தத் தூளோடு குழைந்து கிடந்த மினுக்கு நிலத்தில் என் தாயார் கால் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. எண்பது வயதை அணுகியவருக்கு எலும்பு பொருந்துவது எளிதன்று. ஆறு வாரம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, ஒரு கோப்பை தேநீரைத்தானும் தாமாக எடுத்துக் குடிக்க மாட்டாமல் அவர் இருந்தார். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. செலவுக் கணக்கை ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன்; கூலி மிச்சமென்று ஒரு தொகையைச் சிவப்பு மையிலே கோடிட்டும் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கொப்பியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு வந்த மேசன் வயதில் மூத்தவர். நிலத்தை உளியாற் தட்டிப் பார்த்தார். நாலு மாதமாக என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை; முதல் ஏழு நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்.

“ஒன்றும் செய்யவில்லை அண்ணை, நன்றாகக் காயவிட்டேன்” என்றேன்.

“சேர், சீமெந்து காய்வதில்லை, இறுகிறது. இறுகத் தண்ணீர் வேணும். நீங்கள் அதைப் பட்டினி போட்டுவிட்டீர்கள்” என்றார்.

கலைப்பட்டதாரியாகிய எனக்கு அன்று கிடைத்த இரசாயன பாடம் அது. சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறுவதனாலேயே வலிமை பெறுகின்றது. அந்த மாற்றம் ஒரு நாளில் முடிவதன்று, நாட்கணக்கில் நிகழ்வது. இடையில் ஈரம் வற்றிவிட்டால் மாற்றம் அரைகுறையாக நின்றுவிடும். ஆகவே குறைந்தது ஏழு நாளாவது ஈரச் சாக்கை விரித்தோ, மண் வரம்பு கட்டி நீர் நிறுத்தியோ நிலத்தை நனைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். மறுபுறத்தில், குழைக்கும்போது மிகுதியாக விட்ட தண்ணீரோ சீமெந்துக்குப் பயன்படாமல் ஆவியாகிப் போய், தான் இருந்த இடத்தை வெறுந் துளைகளாக விட்டுச் செல்லும். குழைக்கும்போது சிக்கனம், இறுகும்போது தாராளம் என்று அவர் சொன்ன விதியை யான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

நேயர்களே, என் அனுபவத்தை இவ்வளவு விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தாமே வேலை செய்கிறவர் போடும் கணக்கில் பெரும்பாலும் இரண்டு வரிகளே இருக்கும்: பொருளுக்கு இவ்வளவு, கூலி மிச்சம் இவ்வளவு. உண்மையான கணக்குக்கு ஐந்து வரிகள் வேண்டும். முதலாவது பொருள். இரண்டாவது கருவி: மேசன் கரண்டி, மட்டப்பலகை, நீர்மட்டம், தூக்குக்குண்டு, ஏணி என்பன ஒரு நாள் வேலைக்காக விலைகொடுத்து வாங்கப்பட்டு மறு வருடம் துருப்பிடித்துக் கிடப்பவை. மூன்றாவது நேரம்: பழகியவர் ஒரு நாளிற் செய்வதை நாம் மூன்று நாளிற் செய்வோம்; அந்த மூன்று நாளிலும் நமக்கு வேறு வருவாய் உண்டாயின் அதையும் செலவிற் சேர்க்கவேண்டும். நான்காவது சேதம்: பழகாத கையிற் பத்தில் ஒரு பங்கு பொருளாவது சிந்தும், உடையும், காய்ந்து கட்டியாகும். ஐந்தாவது பிழை: செய்தது தவறினால் இடித்து அகற்றும் கூலி, இரண்டாம் முறை பொருள், இரண்டாம் முறை வேலைக் கூலி. இவ்வைந்தையும் எழுதிக் கூட்டிய பிறகும் மிச்சம் தெரிந்தால் வேலையைத் தொடங்கலாம். என் விறாந்தையைப் பொறுத்தவரை, மிச்சம்பிடித்த இரண்டு நாட் கூலிக்கு எதிரே, இடித்தகற்ற ஒரு நாள், மறுபடி இழுக்க இரண்டு நாள், சீமெந்தும் மணலும் இரண்டு முறை என்று கணக்கு முடிந்தது. தாயாரின் மணிக்கட்டை எந்த வரியில் எழுதுவது?

இனி, பொருட் கணக்கு எவ்வாறு போடுவதென்று பார்ப்போம். விலையை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். அளவை நம்பிப் போடுங்கள். விலை மாதத்துக்கு மாதம், கடைக்குக் கடை மாறும். அளவு மாறாது. அளவைச் சரியாக எழுதி வைத்துக்கொண்டால், கடைக்குப் போகிற நாளின் விலையால் அதனைப் பெருக்கிக்கொள்ளலாம்.

என் விறாந்தையையே எடுத்துக்கொள்வோம். இருபது அடிக்கு எட்டு அடி, 160 சதுர அடி. ஒன்றரை அங்குலத் தடிப்பில் சாந்து இழுப்பதாயின் 20 கன அடிச் சாந்து வேண்டும். சீமெந்தும் மணலும் உலர்ந்த நிலையில் இருக்கும் கன அளவு, தண்ணீர் விட்டுக் குழைத்ததும் சுருங்கிவிடும். ஆதலால் மூன்றில் ஒரு பங்கு கூட்டி ஏறத்தாழ 27 கன அடி உலர்பொருள் என்று கொள்ளவேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு மணல் என்றால் மொத்தம் ஐந்து பங்கு. பங்கொன்று ஏறத்தாழ ஐந்தரைக் கன அடி. 50 கிலோப் பை ஒன்றில் ஏறத்தாழ ஒன்றேகாற் கன அடிச் சீமெந்து உண்டு. எனவே நாலரைப் பை வேண்டும், ஐந்தாக வாங்கலாம். மணல் 22 கன அடி. நூறு கன அடி கொண்டதே ஒரு கியூப். ஆகவே கியூப்பில் கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. யானோ அரைக் கியூப் மணலும் எட்டுப் பைச் சீமெந்தும் வாங்கினேன். மிஞ்சிய சீமெந்து மாரியிற் கல்லாயிற்று.

சீமெந்தை வாங்கினால் நிலத்திலிருந்து உயர்த்திய பலகை மீது, சுவரில் முட்டாமல் அடுக்கவேண்டும். மாதங்கள் செல்லச் செல்ல அதன் வலிமை குறையும். விரலால் நசுக்கியும் உடையாத கட்டிகள் தோன்றிவிட்டால் அப்பையை நம்பவேண்டாம். மணலைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பாதிக்கு மணல் இட்டு, தண்ணீர் நிரப்பி, சிறிது உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கிச் சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் சேறு தனிப்படையாகப் படியும். அதன் உயரம் மணலின் உயரத்திற் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கடந்தால் அம்மணலைக் கழுவியே பயன்படுத்தவேண்டும். கடற்கரை மணல் அருகிலே கிடைக்கிறதென்று அதனை அள்ளுவதும் தகாது. அதிலுள்ள உப்பு, கொங்கிறீற்றின் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்; துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீற்றையே பிளந்துவிடும்.

பெயின்றுக்கும் இவ்வாறே கணக்கிடலாம். பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை. சுவர் உயரம் பத்து அடி. நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. பரப்பு 440 சதுர அடி. கதவுக்கு 21, இரண்டு யன்னலுக்கு 32 கழித்தால் 387. இரண்டு பூச்சுக்கு 774. மட்டமான சுவரில் ஒரு லீற்றர் ஏறத்தாழ நூறு சதுர அடிக்கு வரும். ஆகவே எட்டு லீற்றர், அதாவது நாலு லீற்றர்ப் பேணி இரண்டு. சுவர் சொரசொரப்பாயின் மேலும் வேண்டும். இக்கணக்கைச் செய்ய எட்டாம் வகுப்பு மாணவனே போதும். வீட்டில் உள்ள பிள்ளையிடம் நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பரப்பளவு என்பது எதற்கென்று அவனுக்கும் அன்றைக்கு விளங்கும்.

எவ்வேலையை நாம் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற கேள்விக்கு யான் ஒரு விதி வைத்திருக்கிறேன். வேலைகளில் பிழை பொறுக்கும் வேலை என்றும் பிழை பொறுக்காத வேலை என்றும் இரண்டு உண்டு. பெயின்ற் பூசுவது பிழை பொறுக்கும். திட்டுத் திட்டாக வந்தால் இன்னொரு தடவை பூசலாம். யன்னற் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவது, தளர்ந்த திருகாணியை முறுக்குவது, சுவரின் சிறு பொட்டைச் சாந்தால் அடைப்பது, வேலி அடைப்பது, சுண்ணாம்பு அடிப்பது யாவும் அவ்வாறே. குழாயின் றப்பர் வாசரை மாற்றுவதும் அதில் ஒன்று. வினாடிக்கு ஒரு துளி ஒழுகும் குழாய் ஒரு நாளில் 86,400 துளி விடுகின்றது. நாலு துளி ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டால் இருபத்தொரு லீற்றருக்கு மேல். மாற்றவேண்டிய வாசரோ மிகச் சொற்ப விலையுள்ளது.

பீலியைத் துப்புரவாக்குவதும் யாவரும் செய்யவேண்டியதொன்று. இலை அடைத்த பீலியில் நீர் தேங்கிச் சுவருக்குள் இறங்குவது ஒரு கேடு. அந்நீரில் டெங்கு நுளம்பு பெருகுவது அதனினும் பெருங் கேடு. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். கைக்கெட்டும் உயரத்துப் பீலியை மாரிக்கு முன் ஒரு முறையும் மாரியினிடையே ஒரு முறையும் வழித்துவிடுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

சுண்ணாம்பு அடிப்பவர்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நீற்றும்போது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரிலே சிறிது சிறிதாக இடவேண்டும். சுண்ணாம்புக் குவியலின் மீது தண்ணீரை ஊற்றலாகாது. அது கொதித்துத் தெறிக்கும். கண்ணிற் பட்டாற் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அப்பால் நிறுத்துங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களுக்குச் சுண்ணாம்பே பொருத்தமான பூச்சு. அதன் மேல் சீமெந்துப் பூச்சிட்டால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சையே தள்ளி உதிர்த்துவிடும்.

இனிப் பிழை பொறுக்காத வேலைகள். இவற்றில் முதலாவது மின்சாரம். 230 வோல்ற்று மின்சாரம் பட்டதாரியென்றும் பாமரனென்றும் பாராது. குமிழ் மாற்றலாம், அதற்கும் ஆளியை நிறுத்திவிட்டே மாற்றவேண்டும். கம்பி இழுப்பது, செருகி பொருத்துவது, நீர்ப்பம்பிக்கு இணைப்புக் கொடுப்பது ஆகியவற்றைத் தகுதி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். மின் ஒழுக்கு ஏற்பட்டதும் தானே துண்டிக்கும் ஆளி உங்கள் வீட்டில் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா என்பதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அது விழாவிடில் மின் வேலையாளரை அழைக்கும் செலவைப் பின்போடவேண்டாம்.

இரண்டாவது உயரம். ஓடு மாற்றக் கூரையில் ஏறுவது எளிதெனத் தோன்றும். பாசி பிடித்த ஓடும், உளுத்த சிலாகையும் கீழிருந்து பார்ப்பவர்க்குத் தெரியா. எங்கள் அயலில் நல்ல தேகக்கட்டுள்ள ஒருவர் இவ்வாறு ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஓராண்டு வேலைக்குப் போகவில்லை. அவர் மிச்சம்பிடித்தது அரை நாட் கூலி. அஸ்பெஸ்ரோஸ் தகடு வேய்ந்த கூரையோ இரட்டை ஆபத்துடையது. பழைய தகடு மிதித்ததும் உடையும். உலர்ந்த தகட்டை வாளால் அறுத்தாலும் துளைத்தாலும் எழும் நுண்தூள் நுரையீரலிற் தங்கிப் பல்லாண்டுகளின் பின் கொடிய நோயைத் தரவல்லது. பழைய எண்ணெய்ப் பெயின்றை உலரத் தேய்ப்பதும் நன்றன்று. அதில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்தே தேய்க்கவேண்டும், சிறு பிள்ளைகள் அங்கே இருத்தலாகாது.

மூன்றாவது, பாரந் தாங்கும் பாகங்கள். சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்குவது, கதவுக்கு மேலுள்ள வளையை அகற்றுவது, தூணைச் செதுக்குவது என்பன கற்றவர் கண்ணிற் படாமற் செய்யத்தக்கவையல்ல. புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டுவதாயின் பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும்.

நான்காவது மலசலகூடக் குழி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்தது. நாம் குடிக்கும் நீர் அக்கல்லினூடாகவே ஓடி வருகின்றது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது வேண்டுமென்று பொதுவாகச் சொல்வர். பிளவுகள் மிகுந்த நிலத்தில் அதுவும் போதாதிருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளாமல் குழி வெட்டவேண்டாம். இங்கே நம் பிழையின் பயனை நாம் மட்டுமல்லாமல் அயலவரும் அவருடைய பிள்ளைகளும் அனுபவிக்க நேரும்.

வேலைகளைச் செய்யும் ஒழுங்கும் செலவைத் தீர்மானிக்கின்றது. மேலிருந்து கீழே வரவேண்டும். முதலிற் கூரையும் பீலியும், அடுத்து சுவரும் அதன் ஈரமும், பின்னர் நிலம், இறுதியிலேயே பெயின்ற். நம்மிற் பலர் திருநாளோ சடங்கோ வருகிறதென்று முதலிற் பெயின்ற் பூசுகின்றனர். ஒழுகும் கூரையின் கீழே பூசிய பெயின்ற் ஒரு மாரிக்கும் நில்லாது.

தம் வீட்டைத் தாமே கட்டுதல் என்பது எவ்வளவு பெரிய அளவில் இந்நாட்டில் நடந்ததென்பதை நேயர்களிற் பலர் அறிவீர்கள். 2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி, இந்திய வீடமைப்புத் திட்டத்தின் இரண்டாங் கட்டம் வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கியபோது, புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாவும் சேதமுற்ற வீட்டைத் திருத்த இரண்டரை இலட்சம் ரூபாவும் உரியவரின் கையிலே, வேலை முன்னேறுவதற்கேற்பத் தவணைகளாகக் கொடுக்கப்பட்டன. கட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் கல் அரிந்தன, மணல் சுமந்தன, கணவனை இழந்த பெண்கள் தாமே மேசனோடு நின்று கலவை குழைத்தனர். அவ்வாறு எழுந்த வீட்டில் இருப்பவருக்கு, எந்தச் சுவருக்குள் எந்தக் கம்பி ஓடுகிறதென்பது இன்றும் மனப்பாடம். ஆயினும் அவர்களிற் பலர் கடன்பட்டதும் உண்மை. பொருள் விலை ஏறியது ஒரு காரணம். கொடுத்த படத்துக்கு மேலாக ஓர் அறையையோ ஒரு விறாந்தையையோ கூட்டியது மற்றொரு காரணம். அதை யான் குறையாகச் சொல்லவில்லை. பல்லாண்டு கொட்டிலில் இருந்தவருக்கு இன்னோர் அறை வேண்டுமென்ற ஆசை எழாதா? ஆனால் கையிலுள்ள பணத்துக்கு எதை முற்றாக முடிக்கலாமோ அதனையே தொடங்கவேண்டும் என்ற பாடத்தை அவர்கள் அனுபவம் நமக்குத் தருகின்றது. கூரையேறாத இரண்டு அறையை விடக் கூரையேறிய ஓர் அறை மேலானது.

முன்னாளில் நம்மூர்களில் வீடு வேய்தல் என்றொரு வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர். ஓலைக் கூரையை ஆண்டு தோறுமோ ஈராண்டுக்கொருமுறையோ மாற்றவேண்டும். இன்று என் வீட்டுக்கு நீ வந்தால் நாளை உன் வீட்டுக்கு நான் வருவேன் என்பதே கூலி. மதியம் ஒரு சோறும் கறியும் செலவு. அறிந்தவர் மேலே இருந்து வேய்வார். அறியாதவர் கீழே நின்று கிடுகு எடுத்துக் கொடுப்பார். இரண்டு மூன்று முறை எடுத்துக் கொடுத்தவர் பின்னர் மேலே ஏறுவார். பழகாதவர் முதல் நாளே முகட்டில் ஏறியதில்லை. இந்த ஒழுங்கை நாம் இழந்துவிட்டோம். தனித்தனியே ஒவ்வொருவரும் ஏணி வாங்குகிறோம், தனித்தனியே ஒவ்வொருவரும் பிழை விடுகிறோம். ஓர் ஒழுங்கைக்கு ஓர் ஏணியும் ஒரு நீர்மட்டமும் போதாதா?

என் விறாந்தையின் கதையை முடித்துவிடுகிறேன். மேசன் இரண்டாம் முறை நிலம் இழுத்தபோது அவருக்குத் துணையாள் வேண்டாமென்று சொல்லி, அந்த வேலையை யானே ஏற்றுக்கொண்டேன். மேசனுக்குக் கைகொடுப்பவனை எங்கள் பக்கத்தில் முட்டாள் என்று அழைப்பது வழக்கம். அதிபர் உத்தியோகத்தில் இருந்த யான் இரண்டு நாள் அந்தப் பெயரோடு மணல் அரித்தேன், சாந்து குழைத்தேன், வாளி சுமந்தேன். ஒரு கூலி மிச்சம். அது உண்மையான மிச்சம். அத்தோடு கலவையின் பதம் எதுவென்று கை அறிந்துகொண்டது. மேற்பரப்பை மினுக்காமல், கால் பிடிக்கும்படி மெல்லிய சொரசொரப்பாக அவர் விட்டார். ஏழு நாளும் காலையும் மாலையும் சாக்கை நனைக்கும் பொறுப்பு என்னுடையது.

மூன்றாம் நாட் காலை பாடசாலைக்குப் போகும் அவசரத்தில் யான் மறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது சாக்கு நனைந்திருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையாற் செம்பு செம்பாக நீரெடுத்து, இருந்த இடத்திலிருந்தே அம்மா ஊற்றியிருக்கிறார்.

அந்த நிலம் இன்றுவரை வெடிக்கவில்லை.